ரோட்டுக்கு இந்தப் பக்கம் அகதி, அந்தப் பக்கம்?

பில்ட் ஓடி முடியற வரைக்கும் கூகுள் மேப்ஸைத் திறந்து எல்லைக்கோடுகளை மேயறது என் கெட்ட பழக்கங்கள்ல ஒண்ணு. போன வாரம் அப்படித்தான் தென்கிழக்கு ஆப்பிரிக்காவுல, மலாவியில போய் நின்னேன். டெட்ஸாவுல இருந்து நிச்செயு போற நெடுஞ்சாலையில கொஞ்ச தூரத்துக்கு ரோடுதான் சர்வதேச எல்லை. ஒரு பக்கம் மலாவி, எதிர்ப்பக்கம் மொசாம்பிக். ரோட்டைத் தாண்டினா வேற நாடு!

வேடிக்கையா இருக்கேன்னு தோண்டிப் பார்த்தா, உள்ளே பெரிய சோகம்.

மொசாம்பிக் 1975ல போர்ச்சுகல்கிட்ட இருந்து விடுதலை வாங்குச்சு. ரெண்டே வருஷத்துல உள்நாட்டுப் போர். ஆட்சியில ஃப்ரெலிமோ, எதிர்ப்பக்கம் ரெனாமோ. ரெனாமோவை முதல்ல வளர்த்துவிட்டது ரொடீசிய வெள்ளை அரசு. 1980க்கு அப்புறம் அந்த வேலையைத் தென்னாப்பிரிக்கா எடுத்துக்கிச்சு. 1992ல ரோம் நகரத்துல சமாதான ஒப்பந்தம் ஆகறதுக்குள்ள சுமார் 10 லட்சம் பேர் செத்துட்டாங்க. சுமார் 17 லட்சம் பேர் பக்கத்து நாடுகளுக்கு ஓடினாங்க.

அதுல 10 லட்சத்துக்கும் மேல போய்ச் சேர்ந்தது மலாவிக்கு. உலகத்துலயே ரொம்ப ஏழை நாடுகள்ல ஒண்ணு. கடைசியில அந்த நாட்டுல கிட்டத்தட்ட பத்துல ஒருத்தர் அகதி. தெற்குக் கோடியில இருக்கற ந்சான்ஜே மாவட்டத்துல உள்ளூர்க்காரங்களை விட அகதிகள்தான் அதிகம். இத்தனைக்கும் அதிபர் பண்டாவோட அரசு ரெனாமோவுக்கு உதவுதுன்னு 1986ல மொசாம்பிக் பகிரங்கமா குற்றம் சாட்டுச்சு. அரசியல் அப்படி, ஆனா ஜனங்க கதவைத் திறந்தாங்க. காரணம் இருக்கு. அந்த எல்லையை 1891ல பிரிட்டனும் போர்ச்சுகலும் பேசிக் கிழிச்சாங்க. கோட்டுக்கு ரெண்டு பக்கமும் ஒரே பாஷை பேசற ஜனங்க, சொந்தக்காரங்க. வந்தவங்கள்ல பல பேர் ஆரம்பத்துல முகாமுக்கே போகலை, கிராமங்கள்லயே தங்கிட்டாங்க. மலாவி 1951 அகதிகள் உடன்படிக்கையில சேர்ந்ததே 1987லதான். சட்டம் வர்றதுக்கு முன்னாடியே சோறு வந்துடுச்சு.

இப்ப என்னை ரொம்ப உலுக்கின விஷயத்துக்கு வர்றேன். 1990ல அந்த அகதிகள் நடுவுல பெலாக்ராங்கற நோய் பரவுச்சு. சுமார் 18,000 பேருக்கு. வெயில் படற தோல் கறுத்து உரிஞ்சு போகும், வயித்துப்போக்கு வரும், முத்தினா புத்தி தடுமாறும், உயிரும் போகும். கிருமி எதுவும் இல்லீங்க. காரணம் வேர்க்கடலை!

ரேஷன்ல முக்கியமா கொடுத்தது மக்காச்சோளம். அதுல இருக்கற நியாசின் சத்தை நம்ம உடம்பு சரியா எடுத்துக்க முடியாது. அந்தக் குறையை ஈடுகட்டிக்கிட்டு இருந்தது ரேஷன்ல வந்த வேர்க்கடலைதான். அது சில மாசம் நின்னுபோச்சு. மக்காச்சோளம் வந்துக்கிட்டேதான் இருந்தது. ஆனா நோய் வந்துடுச்சு. வீட்டுப் பக்கத்துல சின்னதா தோட்டம் வச்சிருந்தவங்க ஓரளவு தப்பிச்சாங்க. ரேஷனை மட்டுமே நம்பியிருந்தவங்க மாட்டிக்கிட்டாங்க.

எங்க பொழப்புல இதுக்கு 'சிங்கிள் பாயின்ட் ஆஃப் ஃபெயிலியர்'னு பேர் வச்சிருக்கோம். ஒரு சர்வர் போனா மொத்தமும் படுத்துடும், ராத்திரி ரெண்டு மணிக்கு போன் வரும், திட்டு வாங்குவோம், ரீஸ்டார்ட் பண்ணுவோம். அங்கே படுத்தது மனுஷங்க. தன் நிலத்துல நாலஞ்சு விதமா விளைய வச்சு சாப்பிட்டவனை, ஒரே ஒரு குடோனை நம்பி உட்கார வச்சதோட விலை அது. பாதுகாப்புன்னா உயிரோட ஒரு இடத்துல வச்சிருக்கறது மட்டும் இல்லைன்னு அந்த 18,000 பேரும் சொல்லிட்டுப் போயிருக்காங்க.

சரி, ரோட்டைத் தாண்டினவங்க கதை இது. தாண்டாதவங்க? ஊரை விட்டு ஓடி, ஆனா மொசாம்பிக் உள்ளேயே கிடந்தவங்க சுமார் 40 லட்சம் பேர். ஓடினவங்களைப் போல ரெண்டு மடங்குக்கும் மேல. அகதிகள் உடன்படிக்கைப்படி எல்லையைத் தாண்டினாத்தான் அகதி. ஆப்பிரிக்க நாடுகள் 1969ல போட்ட உடன்படிக்கை போருக்குப் பயந்து ஓடினவங்களையும் சேர்த்துக்கிச்சு. அதுக்கும் எல்லையைத் தாண்டியாகணும். உள்ளேயே இடம்பெயர்ந்தவங்களுக்குன்னு ஐ.நா. வழிகாட்டு நெறிகள் வந்தது 1998ல. ஆப்பிரிக்காவோட கம்பாலா உடன்படிக்கை 2009ல. அந்த 40 லட்சம் பேருக்கு ரெண்டுமே லேட்டு.

1996க்குள்ள 17 லட்சம் அகதிகளும் திரும்பிட்டாங்க. பாதிப்பேருக்கு மேல யாரோட லாரிக்கும் காத்திருக்காம தாங்களாவே போனாங்க. ஊர்ல அவங்களை வரவேற்றது கண்ணிவெடி. கண்ணிவெடி இல்லாத நாடுன்னு மொசாம்பிக் அறிவிச்சது 2015ல!

அத்தோட முடிஞ்சுதா? 2017 அக்டோபர்ல வடக்கே காபோ டெல்காடோவுல ஆயுதக்குழு தாக்குதல் ஆரம்பிச்சு, அடுத்த அஞ்சு வருஷத்துல 10 லட்சம் பேர் வரைக்கும் வீட்டை விட்டு ஓடினாங்க. பெரும்பாலும் நாட்டுக்குள்ளேயே. 2019ல இடாய் புயல் பெய்ரா பக்கம் இன்னொரு கூட்டத்தைப் பெயர்த்துப் போட்டுச்சு. 2024 கடைசியில தேர்தல் கலவரம் முத்தினப்போ ஆயிரக்கணக்கான பேர் மறுபடியும் எல்லையைத் தாண்டினாங்க. எங்கே தெரியுமா? அதே ந்சான்ஜே.

அப்பா அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு 1987ல அங்கே நடந்த குழந்தைக்கு இப்ப நாப்பது வயசைத் தாண்டியிருக்கும். தன் பிள்ளையைக் கூட்டிக்கிட்டு அதே வழியில நடந்திருக்கலாம். வழி மறக்காம இருந்திருக்கும், பாவம்.

பில்ட் எப்பவோ முடிஞ்சிருந்தது. நான்தான் பார்க்கலை.