தள்ளாம இழுக்கும் ரம்பம்... ஜப்பான் தச்சுக் கருவிகளில் அப்படி என்ன ஸ்பெஷல்?

உலகின் பல நாடுகளில் தச்சர்கள் ரம்பத்தை முன்னே தள்ளி அறுப்பார்கள். இழைப்புளியையும் முன்னே தள்ளித்தான் இழைப்பார்கள். ஜப்பானில் அப்படியே தலைகீழ்! இரண்டையும் தங்கள் பக்கம் இழுத்துத்தான் வேலை செய்கிறார்கள். ஏன் இப்படி? விரிவாகப் பார்க்கலாம்.

இழுத்தா என்ன லாபம்?

மெல்லிய தகட்டைத் தள்ளினால் வளையும். இழுத்தால் நேராக நிற்கும். இவ்வளவுதான் ரகசியம். அதனால் 'நோகோகிரி' எனப்படும் ஜப்பானிய ரம்பத்தின் தகட்டை மிக மெல்லியதாகச் செய்ய முடிகிறது. வெட்டு குறுகலாக விழும், மரமும் தூளாகி வீணாவது குறையும்.

இதில் பல வகை உண்டு. 'ரியோபா'வுக்கு இரண்டு பக்கமும் பல். ஒரு பக்கம் மரத்தின் நார் போகும் திசையில் அறுக்க, மறுபக்கம் குறுக்கே அறுக்க. முதுகில் பட்டை வைத்த 'டோசுகி' நுணுக்கமான மூட்டு வேலைகளுக்கு.

ஒரே உளியில் இரண்டு உலோகம்

உளியை 'நோமி' என்கிறார்கள். வெட்டும் முனையில் மட்டும் கடினமான எஃகு; அதைத் தாங்குவது மென்மையான இரும்பு. இரண்டையும் உலையில் காய்ச்சி, அடித்து ஒட்டவைக்கிறார்கள். எஃகு கூர்மையைத் தரும். இரும்பு அதிர்ச்சியைத் தாங்கும், தீட்டவும் சுலபம்.

இழைப்புளிக்குப் பெயர் 'கன்னா'. ஓக் மரக்கட்டைக்குள் செருகிய ஓர் அலகு, அவ்வளவுதான். திருகு எதுவும் கிடையாது. சுத்தியால் லேசாகத் தட்டித்தான் அலகை முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும்.

மரத்தை எவ்வளவு மெல்லிசா சீவலாம் என்பதற்கு 1997 முதல் 'கெசுரோகாய்' என்ற போட்டியே நடக்கிறது. 10 மைக்ரானுக்கும் குறைவாகச் சீவுபவர்கள் உண்டு. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு!

இப்போ என்ன பிரச்சனை?

பழைய ரம்பத்தின் பல் மழுங்கினால், அதைத் தீட்டித் தருவதற்கென்றே 'மெதாதே' என்ற தனித் தொழில் இருந்தது. ஆனால் இன்று கடைகளில் அதிகம் விற்பது தகட்டை மட்டும் மாற்றிக்கொள்ளும் ரம்பங்கள். அவற்றின் பற்களை மிகக் கடினமாக்கிவிடுவதால் அரம் போட்டுத் தீட்ட முடியாது. மழுங்கினால் தூக்கிப் போட வேண்டியதுதான். விளைவு, தீட்டுபவர்களுக்கு வேலை குறைந்துவிட்டது.

தச்சர்களும் குறைந்துகொண்டே வருகிறார்கள். 1980-ல் ஜப்பானில் 9 லட்சத்துக்கும் மேல் இருந்தவர்கள், 2020-ல் சுமார் 3 லட்சம்தான்.

ஏன் காப்பாத்தணும்?

உலகின் மிகப் பழைய மரக் கட்டடங்களைக் கொண்ட ஹோரியூஜி கோயில் ஜப்பானின் நாரா பகுதியில் உள்ளது. இசே ஆலயத்தை 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிதாகக் கட்டுகிறார்கள். கடைசியாக 2013-ல் கட்டினார்கள், அடுத்தது 2033-ல். இந்த வேலைகளுக்குக் கருவி மட்டும் போதாது, அதைப் பிடிக்கத் தெரிந்த கையும் வேண்டும்.

ஜப்பானின் மரக் கட்டடக் கலைத் திறன்களை 2020-ல் யுனெஸ்கோ தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. கோபே நகரில் உள்ள தாகெனாகா தச்சுக் கருவி அருங்காட்சியகம், 1984 முதல் பழைய கருவிகளைப் பாதுகாத்து வருகிறது.

கருவிகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காப்பாற்றிவிடலாம். அதைத் தீட்டவும் இழுக்கவும் தெரிந்த பழக்கம், ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போனால்தான் பிழைக்கும்.