சின்லிங்–ஹுவாய் கோடு

சீனாவை வடக்கு, தெற்கு எனப் பிரிக்கும் இயற்கை எல்லை. சின்லிங் மலைத்தொடரையும் ஹுவாய் ஆற்றையும் ஒட்டி, ஏறத்தாழ 33° வட அட்சரேகையில் செல்கிறது. ஆண்டுக்குச் சுமார் 800 மி.மீ. மழைக்கோடும் இதையொட்டியே அமைவதால், சாப்பாட்டை இங்கே வானமே தீர்மானித்தது எனலாம். வறண்ட வடக்கில் கோதுமையும் தினையும் விளைந்தன. நூடுல்ஸ், ஆவியில் வெந்த மாண்டோ, புத்தாண்டுக்குப் பூரணம் வைத்த ஜியாவோசி ஆகியவை அப்பகுதி உணவுகள். தெற்கே சோறு, புத்தாண்டுக்கு அரிசிமாவில் செய்த நியென்காவ்.

குளிர்காலத்தில்தான் வேறுபாடு கடுமையாகிறது. வடக்குக் கிராமங்களில் அடுப்பின் சூடான புகையைச் செங்கல் மேடைக்கு அடியில் செலுத்தி, அதன்மேல் படுப்பார்கள். இதன் பெயர் காங். 1950களில் அரசு, இக்கோட்டுக்கு வடக்கேயுள்ள நகரங்களுக்கு மட்டும் மையக் கணப்பு வசதி அளித்தது. பெய்ஜிங்கில் வழக்கமாக நவம்பர் 15 முதல் மார்ச் 15 வரை வீடுகள் கதகதப்பாக இருக்கும். ஷாங்காய், வூஹான் மக்களோ ஈரக்குளிரில் வீட்டுக்குள்ளும் கனத்த உடை அணிந்திருப்பார்கள். அவர்களுடைய மனக்குறை முற்றிலும் நியாயமானது. ஆனால் நிலக்கரிக் கணப்புக்கு வடக்கும் விலை கொடுத்தது: காற்று மாசால் அங்கே ஆயுட்காலம் சுமார் 5.5 ஆண்டுகள் குறைந்ததாக 2013இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது.