கே எழுத்துத் தமிழ்ச் சொற்கள்

மலாய் அகராதிகளில் ரோமன் எழுத்தான ‘கே’யில் தொடங்கும் தமிழ்வழிச் சொற்கள். வில்லியம் மார்ஸ்டனின் மலாய்-ஆங்கில அகராதி (லண்டன், 1812) முதல், கோலாலம்பூரில் மலேசிய மொழி நிறுவனமான டேவான் பஹாசா டான் புஸ்தகா 1970இல் வெளியிட்ட காமுஸ் டேவான் வரை, பழைய அகராதிகளைப் புரட்டுவோர் இந்த வரிசையில் தமிழைத் தவறவிட முடியாது. கடை ‘கெடாய்’ ஆயிற்று. கட்டில் ‘காத்தில்’, கப்பல் ‘காப்பால்’, கோயில் ‘குயில்’, குளம் ‘கோலாம்’.

எழுத்துக்கூட்டல்தான் இதில் சுவையானது. தமிழில் கடைக்கும் கட்டிலுக்கும் ஒரே டகரம். மலாயில் முன்னதற்கு ‘டி’ (d), பின்னதற்கு ‘தி’ (t). தனித்த டகரம் மெலிந்தும் இரட்டித்தது வலித்தும் ஒலிப்பதை மலாய் காதால் கேட்டுப் பதிந்துகொண்டது. நம் எழுத்து காட்டாத வேறுபாட்டை அயல் அகராதி காட்டுகிறது!

‘கோலாம்’ மட்டும் தமிழரை ஏமாற்றும். வாசலில் இடும் கோலத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. நீச்சல் குளத்துக்குத்தான் மலாயில் ‘கோலாம் ரெனாங்’ என்று பெயர். மலேசியாவின் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் கடைப் பலகைகளில் ‘கெடாய்’ இன்றும் அன்றாடச் சொல்.