மட்டக்களப்புக் கோட்டையும் விடுபட்ட சொற்களும்

உன்னிச்சைக் குளத்து நீர் பாயும் பகுதியைப் படுவான்கரை என்பர். மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே, கடலோரமாக அமைந்தது எழுவான்கரை. ஞாயிறு படும் கரை, எழும் கரை என்னும் இவ்வழகிய பெயர்களுக்கிடையே கிடக்கும் நீர்ப்பரப்பு போர்க்காலங்களில் எல்லைக்கோடாகவும் இருந்துள்ளது. 2007 ஆம் ஆண்டு வரையில் அதனைக் கண்டவர்கள் நாம். 1638 இல் இதே வாவியில் நிகழ்ந்த முற்றுகையொன்றையே இன்று சொல்ல விழைகின்றேன்.

1628 இல் போர்த்துக்கேயர் வாவியிலுள்ள புளியந்தீவில் கோட்டை அமைத்தனர். மட்டக்களப்பைத் தமதென உரிமை கொண்டாடிய கண்டி மன்னர்க்கு இது கடல்வாயிலிற் பூட்டிய பூட்டாயிற்று. 1602 இல் ஒல்லாந்தத் தளபதி ஸ்பில்பேர்கன் வந்திறங்கிக் கண்டிக்குச் சென்றது இத்துறை வழியாகவே அன்றோ!

1638 மார்ச் 28 இல், கன்னொறுவையில், இரண்டாம் இராசசிங்க மன்னன் போர்த்துக்கேயர் சேனையை முறியடித்தான். தளபதி தியோகோ தெ மெலோவும் அங்கே மாண்டான். ஆயினும் மலைநாட்டரசனிடம் கப்பற்படை இல்லை. ஒல்லாந்தரிடம் அது இருந்தது. மே மாதத்தில் வெஸ்டர்வோல்ட் கப்பல்களோடு வந்தான். மன்னனும் படையோடு வந்து சேர்ந்தான். பீரங்கிகள் முழங்கின. மே 18 இல் கோட்டை பணிந்தது.

போர் அவ்வளவே. ஐந்து நாட்கள் கழித்து, மே 23 இல், மட்டக்களப்பில் எழுதப்பட்ட உடன்படிக்கையே பெரிது. கைப்பற்றப்படும் கோட்டைகளில் ஒல்லாந்தர் காவற்படை வைக்கலாம் என்றது அதன் மூன்றாம் பிரிவு. போர்த்துக்கேய மொழிப் பிரதியில், மன்னன் விரும்பினால் மட்டுமே என்னும் நிபந்தனை இருந்தது. ஒல்லாந்தப் பிரதியிலோ அச்சொற்கள் இல்லை! போர்ச்செலவுக்கு ஈடாகக் கறுவா முதலிய பொருள்களைத் தருவதற்கும் மன்னன் இசைந்திருந்தான். எம் மாணவர்கள் 1638 என்னும் ஆண்டை மனனம் செய்கின்றனர். இப்பிரிவைப் பற்றிக் கேட்டால் விழிக்கின்றனர். அது அவர்கள் குற்றமன்று.

1640 இல் காலிக்கோட்டை வீழ்ந்தது. ஒல்லாந்தர் அதனைத் தாமே வைத்துக்கொண்டனர். இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கிய கதை என்று சிங்கள மக்கள் இதனைச் சொல்வதுண்டு. 1656 இல் கொழும்பு பணிந்தபோது, நகரின் வாயில்கள் மன்னன் படைக்குத் திறக்கப்படவில்லை. இடையில் மன்னனிடம் ஒப்படைக்கப்பட்டிருந்த மட்டக்களப்பையும் 1668 இல் ஒல்லாந்தர் மீண்டும் பிடித்தனர். 1795 இல் ஆங்கிலேயர் வரும் வரை புளியந்தீவில் அவர்கள் கொடியே பறந்தது.