வமிசாவளியும் பிரசாவுரிமையும்: ஊவாத் தோட்டங்களை முன்னிறுத்திச் சில குறிப்புகள்

பெருந்தோட்டத் தொழிலாளர் வழிவந்த மக்களை அரசாங்க ஏடுகள் ‘இந்திய வமிசாவளியினர்’ எனக் குறித்து வந்துள்ளன. வமிசாவளியையே பெயராகச் சுமந்த இம்மக்களிடம் எழுதப்பட்ட வமிசாவளி அரிதாகவே காணப்படுகின்றது. இம்முரண்பாடு தற்செயலானதன்று. தோட்டப் பொருளாதாரமும் அதன்மீது எழுந்த சட்டமும் இதனைத் தோற்றுவித்தவாற்றைப் பதுளையையும் ஊவாத் தோட்டங்களையும் முன்னிறுத்தி ஈண்டு நோக்குவோம்.

வமிசாவளி ஆராய்வோர் கூடும் அரங்குகளில் முதலில் எழும் வினா, ஆவணம் யாது என்பதே. யாழ்ப்பாணத்து நிலவுடைமைக் குடும்பங்கள் ஒல்லாந்தர் காலத் தோம்புகளைச் சுட்டலாம். மொரிசியஸ் தீவுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றோர் தனித்தனியே பதியப்பட்டனர். அப்பதிவேடுகள் மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்திற் பேணப்படுகின்றன. இலங்கைத் தோட்டங்களுக்கு வந்தோரோ பெரும்பாலும் கங்காணி முறையில் வந்தவர்கள். தோட்டத்துக்கும் தொழிலாளிக்கும் இடையே நின்றவர் கங்காணி. கடனைத் தீர்த்தால் ஆட்களை விடுவிப்பதாகத் துரை எழுதிக் கொடுத்த ‘துண்டு’, 1921இல் அம்முறை ஒழிக்கப்படும்வரை, ஒரு கூட்டத்தின் கடனைக் குறித்ததேயன்றி அக்கூட்டத்தோரின் குடிவழியைக் குறிக்கவில்லை. இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில் வழங்கப்பட்ட தகரத் துண்டிலும் தோட்டத்தைச் சுட்டும் குறியும் ஆளுக்குரிய இலக்கமுமே இருந்தன.

எனினும் இம்மக்கள் தலைமுறைகளாக இம்மண்ணில் வேரூன்றினர். அதற்குரிய காரணமும் உற்பத்தி முறையிலேயே உள்ளது. இலங்கையிற் கோப்பியை அழித்த இலைநோய் 1869இல் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது ஊவாவின் மடூல்சீமைப் பகுதியிலாகும். கோப்பிக்குப் பழம் பறிக்கும் பருவத்திலேயே ஆட்கள் மிகுதியாக வேண்டியிருந்தனர். பருவம் முடிந்ததும் பலர் ஊர் திரும்பினர். அதன் இடத்தைப் பிடித்த தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கும் கைகள், சிறப்பாகப் பெண்களின் கைகள், தேவைப்பட்டன. ஆகவே பசறை, லுணுகலை, அப்புத்தளை, பண்டாரவளைப் பகுதி லயங்களிற் குடும்பங்கள் நிலைகொண்டன. 1924இற் புகையிரதப் பாதை பதுளையை எட்டியபோது, தோட்டத்திலேயே பிறந்த ஒரு தலைமுறை கொழுந்துக் கூடையைச் சுமக்கத் தொடங்கிவிட்டது.

இந்நிலையிலேதான் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. இத்தீவிற் பிறந்திருத்தல் மட்டும் அச்சட்டத்துக்குப் போதுமானதன்று. தந்தை இங்கு பிறந்திருத்தல் வேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் ஆகிய இருவரும் இங்கு பிறந்திருத்தல் வேண்டும். பிறப்புப் பதிவு கட்டாயமானதோ 1897இலாகும். 1920இற் பசறையிற் பிறந்த ஒருவரின் தந்தை 1890ஆம் ஆண்டளவிற் பிறந்திருப்பின், அவர் எதனைக் காட்டுவார்? தோட்டத்துப் பிறப்பை அறிவிக்கும் பொறுப்பும் துரையிடமே இருந்தது. முதற்பேற்றுக்குத் தாய்வீடு செல்லும் வழக்கத்தால் திருச்சியிலோ இராமநாதபுரத்திலோ பிறந்த பிள்ளையிடம் அச்சங்கிலி அறுந்துபோயிற்று. தாய்வழியோ கணக்கிற் சேரவேயில்லை. தேயிலையின் வருவாய்க்குப் பெண்ணின் உழைப்பு வேண்டியிருந்தது. பிரசாவுரிமைக்கு அவளுடைய குடிவழி வேண்டப்படவில்லை.

இதனை நிருவாகக் குறைபாடெனக் கொள்ளுதல் பொருந்தாது. 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனங்களைப் பெற்றது. வேறு சில தொகுதிகளில் தொழிலாளர் வாக்குகள் இடதுசாரிகளுக்கு வலுவூட்டின. 1952இல் அவ்வாக்காளருட் பெரும்பாலோர் இடாப்பில் இல்லை. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 8 இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பிக்கப்பட்டும், உரிமை பெற்றோர் ஏறக்குறைய 134,000 பேரே. 1964ஆம் ஆண்டின் சிறீமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. 2003ஆம் ஆண்டின் சட்டமே, 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கு நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வமிசாவளியினரையும் அவர்தம் வழித்தோன்றல்களையும் பிரசைகளாக ஏற்றது. ஒரு காலத்திற் கதவை அடைத்த வமிசாவளி என்னும் சொல், அரை நூற்றாண்டுக்குப் பின்னர் அதனைத் திறக்கும் சொல்லாயிற்று.

வமிசாவளி ஆய்வு உயர்குடிப் பெருமை பேசுதற்குரியதென்று முற்போக்காளர் சிலர் ஒதுக்குவதுண்டு. ஊவாவின் வரலாறு அக்கருத்தை மறுக்கின்றது. இங்கு குடிவழியை எழுதுதல் என்பது, பிறர் கையிலிருந்த சான்றுகளை உழைத்தவர் தம் கைக்கு மீட்பதாகும். செக்றோல் புத்தகங்கள், தோட்டப் பாடசாலைச் சேர்வு இடாப்புகள், பிறப்பு இறப்புப் பதிவுகள் என்பன இதற்குரிய மூலங்கள். 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமை கம்பனிகளிடம் சென்றது. நிருவாகம் கைமாறுந்தோறும் பழைய ஏடுகளைக் காப்பவர் யாரென்னும் வினா எழுகின்றது.

ஏட்டிலில்லாத தாய்வழி உறவுகளோ மூதாட்டியரின் நினைவிலும் ஒப்பாரியிலும் வாழ்கின்றன. அவற்றைக் கேட்டு எழுதும் பணியை மலையகத்திலிருந்து பல்கலைக்கழகம் புகுந்த மாணவர் தத்தம் லயத்திலேயே தொடங்கலாம். தந்தை பெயரை மட்டும் கேட்ட சட்டத்துக்கு மறுமொழியாக, அவ்வேட்டின் முதற்பக்கத்திற் பாட்டியின் பெயர் இடம்பெறுதல் வேண்டும்.