ஜாப் ஒர்க் நடத்துவோரும் பணிச்சோர்வும்: திருப்பூர் சிறு தொழில் முனைவோருக்கான விளக்கம்

திருப்பூர், அவிநாசி, பல்லடம் வட்டாரங்களில், பெரிய நிறுவனங்களின் ஆடைகளைக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் சிறு பவர்டேபிள் கூடங்கள் ஏராளமாக உள்ளன. நிட்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி, செக்கிங், அயர்னிங் ஆகிய வேலைகளும் இவ்வாறே ஜாப் ஒர்க் முறையில் நடைபெறுகின்றன. இத்தகைய கூடங்களை நடத்துபவருக்கு ஏற்படும் பணிச்சோர்வு, அதன் காரணங்கள், அதிலிருந்து விடுபடும் வழிகள் ஆகியவற்றை இப்பக்கம் விளக்குகிறது.

பணிச்சோர்வு என்றால் என்ன?

சரியாகக் கையாளப்படாமல் நீண்ட காலம் தொடரும் வேலை அழுத்தத்தின் விளைவே பணிச்சோர்வு. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு இதனைத் தனி நோயாகக் கொள்ளவில்லை. தொழில் சார்ந்த ஒரு நிலையாகவே குறிப்பிடுகிறது. இதற்கு மூன்று கூறுகள் உண்டு. முதலாவது, உறங்கி எழுந்தாலும் தீராத களைப்பு. இரண்டாவது, செய்யும் தொழிலின் மீது ஏற்படும் வெறுப்பும் விலகலும். மூன்றாவது, செயல்திறன் குறைந்துவிட்டது என்னும் உணர்வு.

கூடத்தில் இவை வேறு வடிவத்தில் தென்படும். நிறுவனத்திலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தால் எடுக்க மனம் வராது. பல ஆண்டுகள் உடன் உழைத்த டெய்லரிடம் சிறு தையல் பிழைக்காகக் கடுஞ்சொல் பேச நேரும். ஒரு பார்வையில் முடிந்த பீஸ் கணக்கை மூன்று முறை கூட்ட வேண்டியிருக்கும். இவற்றைச் சோம்பல் என்றோ வயது என்றோ ஒதுக்கிவிட வேண்டாம்.

இத்தொழிலில் ஏன் மிகுதியாக ஏற்படுகிறது?

வேலை நேரம் ஒரு காரணம். வாரத்திற்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவருக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவரை விடப் பக்கவாதம் ஏற்படும் அபாயம் சுமார் 35 சதவீதமும், இதய இரத்தக்குழாய் நோயால் இறக்கும் அபாயம் சுமார் 17 சதவீதமும் கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. ஷிப்மென்ட் தேதி நெருங்கும் வாரங்களில் 55 மணி நேரம் என்பது இங்கு பலருக்கு வியாழக்கிழமையே கடந்துவிடும்.

ஆனால் நேரத்தை விடப் பெரிய காரணம் பணம் வந்து போகும் முறை. தொழிலாளருக்குச் சனிக்கிழமை கூலி கொடுத்தாக வேண்டும். ஈ.எஸ்.ஐ., பி.எஃப். தொகைகளை மாதத்தின் 15ஆம் தேதிக்குள் செலுத்த வேண்டும். மாதந்தோறும் கணக்குத் தாக்கல் செய்வோர் ஜி.எஸ்.டி.யை 20ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். பில் தொகை கைக்கு வந்ததா என்று வரி காத்திருப்பதில்லை. தைத்துக் கொடுத்த வேலைக்கான பணமோ மாதங்கள் கழித்துத் தவணையாக வருகிறது. இடைவெளியை நிரப்ப நகைக்கடனும் சீட்டுப் பணமும் வட்டிக்கு வாங்கிய தொகையும் உள்ளே வருகின்றன. இந்நிலையில், ‘ஓய்வெடுங்கள்’ என்னும் அறிவுரை மட்டும் போதாது. கடனை எண்ணியபடி விழித்துக் கிடக்கும் இரவு ஓய்வாகாது.

வேலை இல்லாத மாதங்களும் இவ்வாறே சோர்வு தரும். 2021–22இல் நூல் விலை உயர்ந்தபோதும், 2025 ஆகஸ்ட் இறுதியில் அமெரிக்கா இந்தியப் பொருட்கள் மீதான வரியை 50 சதவீதமாக உயர்த்தியபோதும், ஆர்டர் குறைந்த கூடங்களில் இயந்திரம் நின்றது, வாடகை நிற்கவில்லை.

மற்றொன்றையும் கூற வேண்டும். தையல் தொழிலாளியாகத் தொடங்கி, நான்கு இயந்திரம் வாங்கி முதலாளியானவர்கள் திருப்பூரில் மிகப் பலர். உழைப்பால் உயர்ந்தவருக்கு ஓய்வு குற்றமாகத் தோன்றுவது இயல்பு. கணவனும் மனைவியும் ஒரே கூடத்தில் வேலை செய்து, வீடும் அதே கட்டடத்தில் இருந்தால் வேலை முடியும் நேரம் என்று ஒன்றே இருக்காது. கூடத்தின் கணக்கையும் சமையலையும் பிள்ளைகளின் படிப்பையும் சேர்த்துச் சுமக்கும் பெண்ணின் சோர்வு பெரும்பாலும் கவனத்திற்கே வருவதில்லை.

என்ன செய்யலாம்?

பணத்தின் காலத்தை முதலில் சீர்படுத்துங்கள். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, குறு மற்றும் சிறு நிறுவனங்களுக்கு எழுத்து மூலம் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாட்களுக்கு மேற்பட்ட தவணை செல்லாது. ஒப்பந்தம் இல்லையெனில் 15 நாட்கள். தாமதமானால் ரிசர்வ் வங்கியின் வங்கி வீதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி கோரலாம். உத்யம் பதிவு இருந்தால் இவ்வுரிமையைக் கோருவது எளிது. பதிவுக்குக் கட்டணம் இல்லை. மேலும், காலம் கடந்து கொடுக்கும் தொகையை, கொடுத்த ஆண்டில் மட்டுமே செலவாகக் கழிக்க முடியும் என்னும் வருமான வரி விதி 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. ஆகவே நிறுவனத்தின் கணக்காளருக்கே உங்கள் பில்லை விரைந்து முடிக்கக் காரணம் உண்டு.

‘வழக்கு என்று போனால் அடுத்த ஆர்டர் வராது’ என்னும் அச்சம் பொய்யல்ல. எனவே புகாரிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. ஒவ்வொரு பில்லிலும் உத்யம் எண்ணையும் பணம் வர வேண்டிய தேதியையும் அச்சிடுங்கள். சரக்கை ஒப்படைக்கும் சலானில் தேதியுடன் கையொப்பம் பெறுங்கள். பின்னர் தேவைப்பட்டால் மாவட்டத் தொழில் மையத்தை அணுக இவையே சான்றாகும்.

வாரம் ஒருமுறை, அடுத்த நான்கு வாரங்களில் வர வேண்டியதையும் கொடுக்க வேண்டியதையும் ஒரே தாளில் எழுதுங்கள். மனத்தில் சுழலும் தொகை தாளில் இறங்கியதும் பெரும்பாலும் சிறியதாகத் தெரியும். பெரியதாகத் தெரிந்தாலும், சனிக்கிழமை மாலைக்கு முன்பே தெரிந்துவிடும். வீட்டுச் செலவுக்கு ஒரு தொகையை மாதச் சம்பளம் போல் ஒதுக்கி, இரு கணக்குகளையும் பிரித்து வைப்பது நன்று.

கூடத்தின் தினசரி உற்பத்தித் திறனை அறிந்து, அதற்கு மேல் வரும் வேலையைப் பக்கத்துக் கூடத்துடன் பகிர்ந்து கொள்ளுங்கள். நூல் நிறம், ஊசி, வண்டி ஏற்பாடு போன்றவற்றை முடிவு செய்யும் அதிகாரத்தைச் சூப்பர்வைசரிடம் விடுங்கள். இரவு ஒரு குறிப்பிட்ட மணிக்குப் பின் அவசரத்திற்கு மட்டுமே அழைக்கும்படி நிறுவனத்தின் மெர்ச்சண்டைசரிடம் முன்கூட்டியே கூறுவதில் தவறில்லை. ஞாயிற்றுக்கிழமையில் அரை நாளேனும் கூடத்திற்குச் செல்லாதீர்கள்.

மாலைக்குப் பின் தேநீரைக் குறையுங்கள். உறக்கத்திற்காக மது அருந்துவதும், மருத்துவர் சீட்டின்றித் தூக்க மாத்திரை வாங்குவதும் நிலைமையை மோசமாக்கும்.

எப்போது மருத்துவரை நாட வேண்டும்?

தொழிலாளருக்கு ஈ.எஸ்.ஐ. உண்டு, அதற்கான பங்கைச் செலுத்தும் உங்களுக்கு அதில் இடமில்லை. ஆகவே உங்கள் பரிசோதனையை நீங்களே திட்டமிட வேண்டும். நீரிழிவு, இரத்தசோகை, தைராய்டு குறைபாடு ஆகியவையும் இதே களைப்பைத் தரும். இரத்த அழுத்தத்தையும் சர்க்கரை அளவையும் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கட்டணமின்றிப் பார்த்துக் கொள்ளலாம். நெஞ்சுவலியோ ஒரு பக்கக் கை கால் தளர்ச்சியோ ஏற்பட்டால் சரக்கு கிளம்பும் வரை காத்திராமல் உடனே 108ஐ அழையுங்கள்.

பணிச்சோர்வு பெரும்பாலும் வேலையைச் சுற்றியே இருக்கும். சில நாள் விலகினால் ஓரளவு தணியும். துயரமும் எதிலும் நாட்டமின்மையும் ஏறக்குறைய நாள் முழுவதும் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு. மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் ஆலோசனையும் மருந்தும் கிடைக்கின்றன.

கடன் நெருக்கடியில், ‘நான் இல்லாவிட்டால் எல்லாம் முடிந்துவிடும்’ என்ற எண்ணம் ஒருமுறை தோன்றினாலும் அன்றே ஒருவரிடம் கூறுங்கள். தனியாக இருக்க வேண்டாம். டெலிமானஸ் 14416 என்னும் எண்ணில் 24 மணி நேரமும் தமிழில் கட்டணமின்றிப் பேசலாம். தமிழ்நாடு அரசின் 104 எண்ணிலும் ஆலோசனை பெறலாம். உங்களுக்காக வீட்டாரோ சக கூட உரிமையாளரோ கூட அழைக்கலாம்.