ஒன்பது மணி ஒலிபரப்பு

தியாகராஜ ஆராதனைக்காகத் திருவையாற்றுக் காவிரிக்கரையில் போட்ட பந்தலில் காலை 9 மணிக்கு நாட்டை ராகத்தில் நூற்றுக்கணக்கான குரல்கள் சேர்ந்து எழும்போது, கலிபோர்னியாவில் முந்தின நாள் இரவு ஏழரை. டொரண்டோவில் பத்தரை. லண்டனில் விடியாத மூன்றரை. அலாரம் வைத்தவர்களுக்குத்தான் அங்கே பஞ்சரத்தினம். சிங்கப்பூரில் பதினொன்றரை, ஆபீஸ் நேரம். ஓர் ஒலி இத்தனை ஊருக்கும் ஒரே சமயத்தில் போய்ச் சேரப் பல பத்தாண்டுகள் பிடித்திருக்கிறது.

பஞ்சரத்தினத்தை இயற்றிய தியாகராஜர் 1847 ஜனவரியில், புஷ்ய பகுள பஞ்சமியன்று மறைந்தார். பின்னாளில் அந்தத் திதியில் அவருக்கு ஆராதனை நடத்தியவர்கள் பெரிய கட்சி, சின்னக் கட்சி என்று பிரிந்ததும், பாடகி பெங்களூர் நாகரத்தினம்மா தன் சொத்தைப் போட்டுச் சமாதிக்குக் கோயில் எழுப்பி 1925-இல் குடமுழுக்கு செய்ததும் பலருக்குத் தெரிந்த கதை. பெண்களைப் பாடவிடவில்லை என்றதும், அவரே பெண்கள் கோஷ்டி ஒன்றைச் சேர்த்தார். 1940-களின் தொடக்கத்தில் கட்சிகள் ஒன்றாயின. எல்லோரும் உட்கார்ந்து பஞ்சரத்தினத்தின் ஐந்து கீர்த்தனைகளையும் சேர்ந்து பாடும் வழக்கம் அதை ஒட்டி வந்ததுதான். திருச்சி வானொலி நிலையம் தொடங்கியது 1939 மே 16. ஆதிகாலம் தொட்டு இருப்பதாக நாம் நினைக்கிற கோஷ்டி கானம், அந்த நிலையத்தைவிட இளையது!

ரேடியோவுக்கு இவ்வளவு தோதான நிகழ்ச்சி அமைவது அபூர்வம். நேரம் நிச்சயம். வரிசையும் நிச்சயம்: நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ. யாருக்கு எத்தனை நிமிஷம் என்ற தகராறு இல்லை. மத்திய அலை பகலில் தரையை ஒட்டியே போகும். ஈரமண் என்றால் இன்னும் சுலபமாகப் போகும். காவிரி டெல்டாவுக்கு அதைச் சொல்லித் தரவேண்டியதில்லை. தை மாதம், சம்பா அறுவடை நடக்கும் காலம். களத்துமேட்டு டிரான்சிஸ்டருக்குக் காது கொடுத்த ஜனம் இது. 1960-களில் திருச்சி நிலையம் சொல்லிச் சொல்லியே ஆடுதுறை 27 நெல் பரவியது. விவசாயிகள் அந்த ரகத்துக்கு 'ரேடியோ நெல்' என்றே பேர் வைத்துவிட்டார்கள்.

ரேடியோ காலத்தில் ஒரு வேடிக்கை இருந்தது. ஒலிபெருக்கியை விட்டுத் தள்ளுங்கள். வெறும் காதால் கேட்டால், பாடகரிடமிருந்து நூறு மீட்டர் தள்ளி நிற்பவரிடம் குரல் போய்ச் சேர ஒரு நொடியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஆகும். மைக்கில் நுழைந்து அஞ்சலாகிப் போன குரலோ நாகப்பட்டினத்து வீட்டில் அதற்குள் கேட்டு முடிந்திருக்கும். பந்தலுக்கு வந்தவரை ரேடியோ கேட்டவர் முந்தினார்.

பிறகு தூர்தர்ஷன் முகங்களைக் காட்டியது. முதல் வரிசை என்று ஒன்று அதற்கப்புறம்தான் கவனத்துக்கு வந்தது என்பேன். ரேடியோவில் எல்லோரும் ஒரே வரிசை.

கடல் தாண்டியதில் ஒலிபரப்பாளர்களுக்கு முன்னால் போனவர்கள் ஜனங்கள். அமெரிக்காவில் கிளீவ்லாந்து ஆராதனை 1978-இலேயே தொடங்கிவிட்டது. அங்கே பஞ்சமியைப் பார்த்தால் லீவு கிடைக்காது. ஈஸ்டரை ஒட்டிய நாட்களுக்கு மாற்றிக்கொண்டார்கள். வெளிநாட்டுத் தமிழரைச் சந்தா கட்டும் நேயராகத் தொலைக்காட்சிகள் கண்டுபிடித்தது, 1993-இல் சன் டிவி வந்து தனியார் அலைவரிசைகள் பெருகிய பிறகு. அவர்களிடம் விற்க முதலில் கையில் இருந்தது சினிமாவும் சீரியலும். பஞ்சரத்தினத்துக்குச் சந்தா கட்டுவார்களா என்று யாரும் பெரிதாக யோசித்ததாகத் தெரியவில்லை.

யூடியூப் வந்ததும் அந்தக் கேள்வியே போய்விட்டது. தூர்தர்ஷனின் தமிழ் அலைவரிசையான பொதிகை 2024 ஜனவரியில் டிடி தமிழ் என்று பேர் மாறியது. அதன் நேரலை இப்போது செல்போனில் இலவசம். ஆனால் பந்தலில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவர் பையிலும் ஓர் ஒலிபரப்பு நிலையம் இருக்கிறது. பேஸ்புக்கில் ஒரு மாமா விடுகிற நேரலையில் பக்கத்து வீட்டு மாமியின் குரல் மட்டும் தூக்கலாகக் கேட்கும். அந்த மாமியின் மகள் டொரண்டோவில் இருந்தால் அவளுக்கு அதுதான் வேண்டும். பல மைக்குகளை வைத்துச் சமன் செய்து தரும் ஓ.பி. (வெளிப்புற ஒலிபரப்பு) வேன் இந்தப் போட்டியில் ஜெயிக்க முடியாது. தோற்கவும் தேவையில்லை: ஸ்ரீ ராகத்தை முழுசாக, மிருதங்கம் குரலை விழுங்காமல் கேட்க வேண்டுமென்றால் டிடி நேரலைக்குத்தான் வரவேண்டும். லண்டன்காரர் அலாரம் வைக்காமல் தூங்கிவிட்டாலும், காப்பியோடு உட்கார்ந்து பதிவைப் பார்த்துக்கொள்ளலாம்.

ரேடியோ பந்தலை முந்திய அந்த வேடிக்கை மட்டும் தலைகீழாகிவிட்டது. இணைய நேரலை சில நொடியிலிருந்து அரை நிமிஷம் வரை பிந்தி வரும். கொரோனாவால் 2021-இல் விழா சுருங்கியபோது வீட்டிலிருந்தே சேர்ந்து பாடிவிடலாம் என்று நினைத்தவர்களுக்கு இது உடனே புரிந்திருக்கும். கூடவே பாடலாம், உங்கள் குரல் மட்டும் யார் காதிலும் சரியான தாளத்தில் விழாது. ஆளுக்கொரு நாட்டை, ஆளுக்கொரு அரை நிமிஷம்.

அப்படியும் கலிபோர்னியாவில் ஒரு வீட்டில் ராத்திரி ஏழரைக்கு டிவியில் யூடியூபைப் போட்டு, எதிரே பாய் விரித்து, புத்தகத்தைப் பிரித்து வைத்துப் பாடுவார்கள். ஸ்ரீ ராகம் முடிந்து மங்களம் பாடும்போது அங்கே ராத்திரிச் சாப்பாட்டுக்கு நேரம் தப்பியிருக்கும். திருவையாற்றில் பந்தலை விட்டு வெளியே வருகிறவர்கள் வெயிலுக்குக் கையைக் குவித்துப் பார்த்துக்கொண்டே செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.